ஐப்பசி மழைக்கு முன் கார் வைப்பர் பிளேடு மாற்றுவது எப்படி?

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து பிடிக்கும். அந்த முதல் கனமழையில்தான் பலருக்கும் வைப்பர் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வருகிறது. சித்திரையிலிருந்து நாலைந்து மாதம் சுடு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டே காய்ந்த ரப்பர் அன்று இரவு ஒழுங்காகத் துடைக்காது. எதிரே வரும் லாரி வெளிச்சம் கண்ணாடி முழுக்கக் கலங்கிப் பரவும். பத்து நிமிடத்தில், நாமே வீட்டு வாசலில் முடித்துவிடக்கூடிய வேலை இது. ஆனால் முதல்முறை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. அளவு தவறாக வாங்குவது, கொக்கி பொருந்தாமல் போவது, பிளேடைத் தாங்கும் இரும்புக் கையான ஆர்ம் கைதவறி விழுந்து கண்ணாடியில் விரிசல் விடுவது. இந்த மூன்றிலும் சிக்காமல் முடிக்க வரிசையாகச் சொல்கிறேன்.

1. உண்மையிலேயே பிளேடுதான் பிரச்சினையா?

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். பலருக்குப் புதுப் பிளேடு தேவையே இருக்காது.

சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஆர்மைத் தூக்கி, ரப்பரின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்துக்கொண்டே வரும். கறுப்பு குறையும் வரை இரண்டு மூன்று முறை துடையுங்கள். பிறகு விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நேராக, வழவழவென்று இருந்தால் ரப்பர் நல்லது. பல் பல்லாக வெட்டு விழுந்திருந்தால், நுனியில் கிழிந்து தொங்கினால், விரலால் மடக்கினால் மடங்காமல் விறைத்து நின்றால் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து கண்ணாடி. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவும். எண்ணெய்ப் படலம் இருந்தால் திட்டுத் திட்டாக விலகி நிற்கும். டீசல் புகை, வாட்டர் வாஷில் பூசிவிடும் பாலிஷ், வாகை, தூங்குமூஞ்சி மரங்களின் பிசின், ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் வைத்த சந்தனம், குங்குமம் எல்லாம் சேர்ந்து உண்டாகும் படலம் இது. இதன் மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளேடை ஓட்டினாலும் கோடு விழும், "டட டட" என்று துள்ளும்.

கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அதிலும் போகாவிட்டால், கண்ணாடி நிழலில் ஆறியிருக்கும்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடையுங்கள். பிசின் திட்டுகளுக்கு ஈரக் களிமண் கட்டி போல விற்கும் டீட்டெயிலிங் கிளே நன்றாக வேலை செய்யும். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் மூன்றும் வேண்டாம். கண்ணாடியில் படலத்தையும் விடும், ரப்பரையும் உப்ப வைத்துக் கெடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் கோடு விழுந்தால் பிளேடு வாங்கப் போகலாம். எங்கள் ஊர் வெயிலில் ஒரு பிளேடு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை வரும். நிழலில் நிற்கும் கார் என்றால் கொஞ்சம் கூடுதலாக வரும்.

2. அளவு எடுப்பது

இன்ச் டேப் எடுத்து, பிளேடின் ரப்பரை முனையிலிருந்து முனை வரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கம் நீளம், அடுத்த பக்கம் குட்டை. இரண்டும் ஒரே அளவு என்று நினைத்து ஒன்றை மட்டும் அளந்துகொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

பாக்கெட்டில் சிலர் இன்ச், சிலர் மில்லிமீட்டர் போட்டிருப்பார்கள். 16 இன்ச் என்றால் 400, 18 என்றால் 450, 20 என்றால் 500, 22 என்றால் 550, 24 என்றால் 600, 26 என்றால் 650 மில்லிமீட்டர். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பொருட்டில்லை. ஆனால் "ஒரு இன்ச் பெரிசாப் போட்டா இன்னும் நல்லாத் துடைக்கும் சார்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். நீளமான பிளேடு கண்ணாடியின் ஓரத்தில் உள்ள தூணில் இடிக்கும், இல்லையென்றால் பக்கத்துப் பிளேடோடு மோதும். மோதுகிறபோது இணைப்பும் மோட்டாரும் சேர்ந்து அடிவாங்கும்.

இன்னொரு பொறி. இணையத்தில் கிடைக்கும் அளவுப் பட்டியல்களும் வீடியோக்களும் பல இடதுபுற ஸ்டியரிங் நாடுகளுக்கானவை. அங்கே "டிரைவர் சைடு" என்றால் இடது பக்கம், நமக்கு வலது பக்கம். ஒரே பெயரில் விற்கும் கார்கூட நாட்டுக்கு நாடு பிளேடு அளவில் மாறும். உங்கள் காரில் இருப்பதை அளப்பதுதான் சரி. ஏற்கெனவே யாரோ தவறான அளவு மாட்டியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள்.

3. கொக்கி வகையைப் பார்ப்பது

அளவைவிட இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆர்மின் நுனி எப்படி முடிகிறது என்று பாருங்கள். இந்தியாவில் ஓடும் மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா, டொயோட்டா கார்களில் பெரும்பாலானவற்றின் முன் பக்கம் தூண்டில் முள் போல வளைந்த கொக்கிதான் இருக்கும். கடைக்காரர்கள் யூ ஹூக் என்பார்கள். இதற்கு எந்த பிராண்டும் எளிதாகக் கிடைக்கும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் போன்ற ஐரோப்பிய கார்கள் பலவற்றில் கொக்கி இருக்காது. பட்டன் அழுத்தி இழுப்பது, பக்கவாட்டு ஊசி, மேலே பூட்டும் தாழ் என்று வகைவகையாக வரும். இவற்றுக்கு "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று போட்ட பாக்கெட்டை நம்ப வேண்டாம். மாடலும் வருடமும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

ஆர்ம் நுனியைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் இரண்டு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காட்டினால் வாதம் இல்லாமல் முடியும்.

பின்கண்ணாடி வைப்பர் தனிக் கதை. முன்பக்கக் கொக்கி அங்கே பொருந்தாது. ஆர்மே பிளாஸ்டிக்காக இருக்கும், கிளிப் சட்டென்று உடையும். அதைக் கம்பெனி பாகமாக வாங்குவதே மேல்.

4. எதை வாங்குவது, எவ்வளவு ஆகும்

மூன்று வழி இருக்கிறது.

ரப்பர் மட்டும் மாற்றுவது. ரீஃபில் என்று கேட்டால் தருவார்கள். சுமாராக 80 முதல் 200 ரூபாய். இரும்புச் சட்டம் துருப்பிடிக்காமல், ஆட்டம் இல்லாமல் இருந்தால் இதுதான் லாபம். ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது, மாட்டவும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ரப்பரின் முதுகு அகலம் பிளேடுக்குப் பிளேடு மாறும் என்பதால் பழைய ரப்பரைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

சட்டத்தோடு வரும் சாதாப் பிளேடு. ஒன்று சுமாராக 200 முதல் 400 ரூபாய். கண்ணாடி அதிக வளைவாக இருக்கும் பழைய கார்களுக்கு இதுவே நன்றாக உட்காரும், ஏனென்றால் சட்டத்தின் கணுக்கள் வளைவுக்கு ஏற்ப மடங்கிக் கொடுக்கும்.

பிளாட் பிளேடு. ஒன்று சுமாராக 350 முதல் 800 ரூபாய். உள்ளே வளைந்த எஃகுப் பட்டை ஒன்று முழு நீளத்துக்கும் அழுத்தம் தரும். கணுக்களில் மண் சேராது, துரு இல்லை, நெடுஞ்சாலை வேகத்தில் காற்று தூக்காது. பட்டையின் வளைவும் உங்கள் கண்ணாடியின் வளைவும் ஒத்துப்போகாவிட்டால் முனைகளோ நடுவோ கண்ணாடியைத் தொடாமல் நிற்கும். பத்து வருடத்துக்கு மேலான காருக்கு வாங்கும்போது கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். புதிய கார் என்றால் யோசிக்காமல் பிளாட் வாங்கலாம்.

ஐரோப்பியக் கார்களுக்கு ஜோடி 1,500 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம்.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யோடு தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். பார்க்காமல் வாங்காதீர்கள். ரப்பர் அலமாரியில் இருந்தாலும் காயும். இரண்டு வருடப் பழைய சரக்கைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால் பாதி ஆயுள்தான் கிடைக்கும். பிரபல பிராண்டுகளில் போலியும் உலவுகிறது. அச்சு மங்கலாக இருப்பது, எழுத்துப் பிழை, ரப்பரில் பிசிறு ஆகியவை அடையாளம். சென்னையில் கார் பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு பக்கம் வாங்குகிறவர்கள் பில் போடும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடுகிறவர்கள் ஆர்ம், மோட்டார் வாங்கலாம். பிளேடு மட்டும் வேண்டாம்.

கம்பெனி ஷோரூம் கவுண்டரில் வாங்குவதானால் ஆர்.சி.யின் நகலைக் கொண்டு போங்கள். சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்துச் சரியான பாக எண்ணை எடுத்துத் தருவார்கள். சர்வீஸுக்கு விட்டிருக்கும்போது மாற்றச் சொன்னால் பில்லில் லேபர் தனியாக விழலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிளேடு தேயும் பொருள் என்பதால் கார் வாரன்டியில் பொதுவாக வராது.

5. கழற்றுவதற்கு முன்

கையில் இருக்க வேண்டியவை: தடிமனான டர்க்கி டவல் ஒன்று, ஈரத்துணி, சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவர். காரை நிழலில் நிறுத்தி, இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். மழை சென்சார் உள்ள கார் என்றால் இது கட்டாயம். கை பட்டு வைப்பர் தானாக ஓடினால் விரல் மாட்டும்.

டவலை நான்காக மடித்து, ஆர்ம் விழக்கூடிய இடத்தில் கண்ணாடி மேல் விரியுங்கள். இதைத் தேவையில்லை என்று விடாதீர்கள். பிளேடு கழன்ற பிறகு ஆர்ம் என்பது ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருக்கும் வெறும் இரும்பு. கை நழுவினால் முழு விசையோடு கண்ணாடியில் அடிக்கும். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு சேர்த்த லேமினேட்டட் கண்ணாடி. நொறுங்கி உதிராது, ஆனால் ஓரிடத்தில் விரிசல் விட்டால் அது நீளும். புதுக் கண்ணாடி சின்னக் காருக்கே பல ஆயிரம் ரூபாய். இன்ஷூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கட்டாயக் கழிவு, அதாவது கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கையிலிருந்து போகும். போனஸ் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு நோ கிளெய்ம் போனஸும் போகும்.

ஆர்ம் தூக்கியிருக்கும்போது பானெட்டைத் திறக்கவே கூடாது. விளிம்பில் இடித்துப் பெயின்ட் உரியும்.

சில கார்களில் வைப்பர் பானெட் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், தூக்கவே வராது. வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். இக்னிஷனை அணைத்த சில நொடிக்குள் வைப்பர் லீவரைத் தட்டினால் ஆர்ம்கள் மேலே வந்து நின்றுகொள்ளும். எந்தப் பக்கம், எத்தனை நொடி என்பது மேனுவலில் "சர்வீஸ் பொசிஷன்" என்ற தலைப்பில் இருக்கும்.

6. யூ ஹூக் பிளேடைக் கழற்றி மாட்டுவது

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். மறு பக்கம் அப்படியே இருந்தால் எது எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்மைத் தூக்கி நிமிர்த்துங்கள். ஒரு கையால் ஆர்மை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளேடை ஆர்முக்குக் குறுக்காகத் திருப்புங்கள். நடுவில், கொக்கி நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதை விரலால், வராவிட்டால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திக்கொண்டே பிளேடை ஆர்மின் அடிப்பக்கம் நோக்கித் தள்ளுங்கள். இங்கேதான் தவறு நடக்கிறது. பலர் பிளேடைத் தங்களை நோக்கி, அதாவது நுனிப் பக்கம் இழுக்கிறார்கள். கொக்கி அந்தத் திசையில்தான் பிடித்திருக்கிறது, எவ்வளவு இழுத்தாலும் வராது. கீழ்நோக்கித் தள்ளினால் "டக்" என்று விடும். பிறகு கொக்கியைப் பிளேடின் ஓட்டை வழியே வெளியே எடுங்கள்.

பிளேடு கையில் வந்ததும் ஆர்மை மெதுவாக டவல் மேல் இறக்கிவிடுங்கள். நிமிர்த்தியபடியே விட்டுவிட்டுப் பாக்கெட் பிரிக்கப் போகாதீர்கள்.

புதுப் பிளேடில் ரப்பர் விளிம்பின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். பெரும்பாலும் மஞ்சளோ வெள்ளையோ கறுப்போ. அதை உருவி எடுங்கள். உறையோடு மாட்டிவிட்டு "புதுப் பிளேடும் துடைக்கவில்லை" என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் கடைக்குக் கடை உண்டு. உறையை எடுத்த பிறகு ரப்பர் விளிம்பைக் கையால் தொடாதீர்கள். கிராஃபைட் பூச்சு போய்விடும்.

பாக்கெட்டில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் அடாப்டர்கள் வரும். ஏற்கெனவே பொருத்தியிருப்பது பெரும்பாலும் யூ ஹூக்குக்கானது. கொக்கியின் அகலம் 9 மில்லிமீட்டரா அதற்கும் மேலா என்பதைப் பொறுத்து அடாப்டர் மாறும். ஆடாமல் இறுக்கமாக உட்காருவதே சரியானது. பிளாட் பிளேடில் அடாப்டர் மேல் சின்ன மூடி இருந்தால் முதலில் திறக்கவும்.

இப்போது ஆர்மைத் தூக்கி, பிளேடைக் குறுக்காகப் பிடித்து, கொக்கியை அடாப்டருக்குள் நுழைத்து, பிளேடை ஆர்ம் நுனிப் பக்கம் இழுங்கள். "கிளிக்" சத்தம் கேட்க வேண்டும். மூடியை அழுத்தி மூடுங்கள். பிறகு பிளேடைப் பிடித்துக் கழற்றுவது போலவே ஒருமுறை பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது. பாதி மாட்டிய பிளேடு மழையில் வேகமாக ஓடும்போது பறந்துபோகும், வெறும் ஆர்ம் கண்ணாடியில் அரைவட்டமாகக் கீறிவிடும். அந்தக் கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது.

7. ரப்பர் ரீஃபில் மட்டும் மாற்றுவதானால்

பழைய ரப்பர் எந்த முனையில் பூட்டியிருக்கிறது, எஃகுப் பட்டைகளின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுங்கள். பூட்டிய முனையைச் சற்று வலுவாக இழுத்தால் ரப்பர் தன்னைக் கவ்வியிருக்கும் சட்டத்தின் நகங்களிலிருந்து உருவிக்கொண்டு வரும். ரப்பரின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு எஃகுப் பட்டைகளையும் எடுத்து, புது ரப்பரின் காடியில் அதே வளைவு, அதே திசையில் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு நகமாக நுழைத்துக்கொண்டு வந்து, கடைசி நகம் ரப்பரின் பூட்டுக் குழியில் விழும் வரை இழுங்கள். ஒரு நகம் தவறினாலும் அந்த இடத்தில் இரும்பு கண்ணாடியைத் தொடும். மாட்டி முடித்ததும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

8. சோதனை

உலர்ந்த கண்ணாடியில் ஓட்டாதீர்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஓட்டுங்கள். பிளேடுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, ஓரத் தூணில் இடிக்கிறதா, நிறுத்தினால் பழைய இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு திசையில் போகும்போது துடைத்து, திரும்பும்போது துள்ளினால் ஆர்ம் நுனி லேசாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. பிளேடு கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் ரப்பர் திரும்பி மடங்காது. வாட்டர் வாஷில் அழுத்தித் துடைக்கும்போது ஆர்ம் இப்படி முறுக்கிக்கொள்வது சகஜம். துணி சுற்றிய ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்யலாம். நம்பிக்கை இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நடுவில் மட்டும் துடைக்காமல் விட்டால் ஒன்று பிளேடின் வளைவு பொருந்தவில்லை, இல்லையென்றால் ஆர்ம் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மோட்டார் சத்தம் கேட்டும் ஒரு ஆர்ம் மட்டும் நகரவில்லை என்றால் அதன் அடியில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் நட் தளர்ந்திருக்கும். மழைநீர் விரட்டும் பூச்சு போட்ட கண்ணாடியில் புதுப் பிளேடு சில நாள் துள்ளும். பூச்சைச் சுரண்டி எடுக்காமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

9. வாஷர் தண்ணீர்

வைப்பரின் ஆயுளில் பாதி இந்தத் தொட்டியில் இருக்கிறது. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து நாசில் அடைக்கும், கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, பாக்கெட்டில் விற்கும் வாஷர் திரவத்தைச் சொன்ன அளவு கலந்தால் போதும். பாத்திரம் விளக்கும் லிக்விடைக் கலக்காதீர்கள். நுரை தள்ளும், காய்ந்தால் படலம் விடும்.

வாஷர் தொட்டி மூடியில் கண்ணாடியும் நீரூற்றும் வரைந்திருக்கும். அதைப் பார்த்து மட்டுமே ஊற்றுங்கள். பக்கத்திலேயே கூலன்ட் தொட்டியும் இருக்கும். மாற்றி ஊற்றினால் எஞ்சின் கூலன்டைக் கொட்டிப் புதிதாக நிரப்ப வேண்டிவரும், பிளேடு விலையைப் போலப் பல மடங்கு செலவு.

நாசில் அடைத்திருந்தால் மெல்லிய தையல் ஊசியை நுழைத்து எடுங்கள். அதே ஊசியால் பீச்சும் திசையையும் பல கார்களில் திருப்பலாம். துடைக்கும் பரப்பின் நடுவுக்குச் சற்று மேலே தண்ணீர் விழ வேண்டும்.

10. அன்றாடம் கவனிக்க

காலையில் கண்ணாடியில் புழுதி இருந்தால் லீவரைத் தட்டாதீர்கள். புழுதியில் மணல் இருக்கிறது. ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அது உப்புத்தாள் வேலை செய்யும். முதலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். பறவை எச்சத்தை வைப்பரால் தேய்க்கக் கூடாது. நனைத்து ஊறவிட்டுத் துணியால் எடுங்கள்.

வாரம் ஒருமுறை கார் கழுவும்போது ரப்பர் விளிம்பையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஈ.சி.ஆர். பக்கம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் ஆர்மின் அடி மூட்டில் உப்புக் காற்றால் துரு ஏறும். அங்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய், டயர் பாலிஷ், சிலிக்கான் ஸ்பிரே எதுவும் பூசாதீர்கள். இரண்டு நாள் பளபளக்கும், மூன்றாம் நாள் மழையில் கண்ணாடி முழுக்க எண்ணெய் இழுக்கும்.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரை நிமிர்த்தி வைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. சூடான கண்ணாடியோடு ரப்பர் ஒட்டாது என்பது சரி. ஆனால் வெயில் ரப்பர் மேல் நேராக விழும், போகிற வருகிறவர் கை பட்டு ஆர்ம் அடித்து விழும் ஆபத்தும் உண்டு. நிழல் தேடுவது அல்லது கவர் போடுவது மேல்.

நடுவழியில், மழையில், வைப்பர் நின்றுபோனால் ஈரக் கண்ணாடியில் புகையிலையைக் கசக்கித் தேய்ப்பது லாரி ஓட்டுநர்கள் செய்யும் வேலை. தண்ணீர் துளியாக நிற்காமல் பரவி ஓடும், ஓரளவு தெரியும். ஓரங்கட்ட வசதியான இடம் வரும் வரை மெதுவாக ஓட்ட மட்டும் அது உதவும். வண்டியை ஓரங்கட்டியதும் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், பல நேரம் அதுதான் போயிருக்கும். புகையிலைச் சாற்றை வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுங்கள்.

மாற்றிய தேதியைப் பேனாவால் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்கு உட்புறம் ஒட்டுங்கள். பில்லை ஆர்.சி. வைத்திருக்கும் பையில் போடுங்கள். ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும் அன்றே இதையும் சேர்த்துச் செய்தால் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை. மழை தொடங்கிய பிறகு போனால் ஓடும் அளவுகள் கடையில் தீர்ந்திருக்கும். இந்த வருடம் சந்தனத்தைப் பானெட்டில் வையுங்கள், கண்ணாடியில் வேண்டாம்.